சண்டை அங்கே, எண்ணெய் பாக்கெட் இங்கே: விலைவாசி கேள்வி பதில்

பாலக்கோட்டிலிருந்து: சார், உக்ரைன்ல சண்டைன்னு டிவில சொன்ன கொஞ்ச நாள்லயே எங்க கடைத்தெருவுல சன்ஃப்ளவர் ஆயில் காலி. அதுக்குள்ளயா சரக்கு தீர்ந்துடுச்சு?

சரக்கு தீரல தம்பி, பயம் முந்திக்கிச்சு. 2022 பிப்ரவரி 24-ல் ரஷ்யா உள்ளே புகுந்தது. நாம் இறக்குமதி செய்யும் சூரியகாந்தி எண்ணெயில் பெரும்பங்கு அந்த இரண்டு நாடுகளிலிருந்துதான் வந்தது. ஆக, பயம் வெறும் பயமில்லை. ஆனால் அன்று கடையில் இருந்த பாக்கெட் போருக்கு முன்பே வந்த சரக்கு. தருமபுரியில் என் வீட்டிலேயே, மாதம் மூணு வாங்குகிற இடத்தில் எட்டு வாங்கி அலமாரியில் அடுக்கினோம். தெருவே அடுக்கினால் கடைக்காரர் விலையை ஏற்றாமல் என்ன செய்வார்? அந்த ஏப்ரலில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம், அதாவது கடை விலை ஓராண்டில் ஏறின அளவு, 7.79 சதவீதம். மாதக் கடைசியில் இந்தோனேசியா பாமாயில் ஏற்றுமதியை நிறுத்த, இன்னொரு சுற்று பயம்.

ஓசூரிலிருந்து: மக்கள் பயத்தை ரிசர்வ் வங்கி கணக்குல எடுக்குமா?

எடுக்கும். மூன்று மாதத்தில், ஓராண்டில் விலை எவ்வளவு ஏறும் என்று 2005 முதல் குடும்பங்களிடம் கேட்கிறார்கள். கேட்கும் ஊர்ப் பட்டியலில் சென்னை, பெங்களூரு உண்டு, நடுவில் இருக்கும் உங்கள் ஊர் இல்லை! ஜனங்கள் சொல்லும் எண் பெரும்பாலும் அரசுக் கணக்கைவிட அதிகமாகவே இருக்கும்.

போச்சம்பள்ளியிலிருந்து: தக்காளி ஏறினா யாரும் இப்படிப் பதறலையே?

ராயக்கோட்டை மண்டியில் ஏறினது இறங்கும் என்று நமக்குத் தெரியுமே. அது மழை, வெயில் கணக்கு. பெட்ரோல் அப்படியில்லை. 2021 நவம்பரிலிருந்து 137 நாள் அசையாமல் நின்றது. இடையில் ஐந்து மாநிலத் தேர்தல். முடிந்ததும் மார்ச் 22-ல் லிட்டருக்கு 80 காசு, மறுநாளும் 80 காசு. ‘ஓட்டு முடியட்டும், ஏத்துவாங்க’ என்று டீக்கடையில் சொல்வதை நான் அறியாமை என்று சொல்லமாட்டேன். பட்ட பாடம் அது.

காரிமங்கலத்திலிருந்து: ஆளுங்கட்சிக்காரருக்கு மட்டும் விலை ஏறவே மாட்டேங்குதே அண்ணே?

அமெரிக்காவிலும் அதே கதைதான். மிச்சிகன் பல்கலைக்கழகக் கணக்கெடுப்பில், 2024 நவம்பரில் டிரம்ப் ஜெயித்ததும் அவருடைய குடியரசுக் கட்சிக்காரர்களின் பணவீக்க எதிர்பார்ப்பு இறங்கியது, ஜனநாயகக் கட்சிக்காரர்களுக்கு ஏறியது. இருவருக்கும் கடை ஒன்றுதான். 2025 ஏப்ரலில் இறக்குமதி வரி அறிவிப்பு வந்ததும் எல்லோரையும் சேர்த்த எதிர்பார்ப்பே ஓராண்டுக்கு 6.5 சதவீதம் என்று போனது. 1981-க்குப் பிறகு அத்தனை உயரம் அதுதான் முதல் தடவை.

மறுபடி பாலக்கோடு: சார், அந்த எட்டு பாக்கெட்?

கடைசி இரண்டில் காறல் வாடை. விளக்குக்கு ஊற்றினோம். அதற்குள் கடையில் விலை இறங்கியிருந்தது.