மருந்து போகும் வழி: வாசகர் கேள்வி பதில்

காசநோய்க்கான ரிஃபாம்பிசின் மாத்திரை போட்ட அன்றே சிறுநீர் ஆரஞ்சு நிறமாகிவிடுகிறது. ஆனால் அந்த மருந்து பித்தநீர் வழியாகத்தான் வெளியேறும் என்கிறார்களே?

இரண்டுமே சரிதான். பெரும்பகுதி பித்தநீரில்தான் போகிறது; சிறுநீரில் அதிகபட்சம் 30 சதவீதம்வரை. மருந்தே அடர்ந்த செங்கல் நிறம் என்பதால் அந்தக் கொஞ்சமே சாயம் ஏற்றப் போதும். கண்ணீரிலும் வரும். மென்மையான கான்டாக்ட் லென்ஸில் கறை படிந்தால் போகாது, சிகிச்சை முடியும்வரை கண்ணாடிதான் நல்லது.

குடல் உறிஞ்சிய மருந்து நேரே கல்லீரலுக்குத்தான் வருகிறது. கல்லீரல் செல்லின் ஒரு பக்கம் ரத்தம். மறுபக்கம் தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய பித்த நுண்குழாய். செல் சவ்வில் உள்ள கடத்திப் புரதங்கள் மருந்தை ரத்தத்திலிருந்து இழுத்து அந்தக் குழாயில் தள்ளுகின்றன. மூலக்கூறு எடை 500-ஐத் தாண்டினால் பித்தநீர், குறைந்தால் சிறுநீர் என்பது பொதுவான கணக்கு. ரிஃபாம்பிசின் 823, அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் 749: பித்தநீர். இன்னொரு ஆன்டிபயாட்டிக்கான அமாக்சிசிலின் 365: சிறுநீர். விலக்கும் உண்டு, அடுத்த கேள்வியில் வருகிறது.

பித்தநீரோடு குடலில் இறங்கிய ரிஃபாம்பிசினை குடல் மறுபடி உறிஞ்சிக்கொள்ளும். கல்லீரல் அதில் அசிட்டைல் என்ற சின்ன வேதித் துண்டைக் கழற்றிவிட்டால் அவ்வளவாக உறிஞ்சப்படாது, மலத்தோடு போய்விடும். காமாலையில் கண்ணை மஞ்சளாக்கும் நிறமியான பிலிரூபினும் இதே கடத்திகளை நம்பியிருப்பதால், முதல் சில நாள் ரத்தத்தில் அது சற்று ஏறுவதுண்டு. அதற்காக விழி மஞ்சளாவதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கூடவே வாந்தி, பசியின்மை இருந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள்.

சிறுநீரகம் பழுதான என் அப்பாவுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கை முழு அளவிலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். சரியா? அவர் இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிடுகிறார்.

அளவு சரிதான். மூலக்கூறு எடை 444 என்றாலும் டாக்ஸிசைக்ளின் சிறுநீரகத்தை மட்டும் நம்பி இல்லை. பித்தநீர் வழியாகவும், நேரடியாகக் குடல் சுவர் வழியாகவும் கசிந்து மலத்தில் போய்விடும். ஆகவே சிறுநீரகம் சுணங்கினாலும் பொதுவாக அளவைக் குறைப்பதில்லை.

சிக்கல் இரும்பில்தான். குடலில் அது டாக்ஸிசைக்ளினைப் பிடித்துக்கொண்டு உறிஞ்சவிடாது. இரண்டு மூன்று மணி நேரம் தள்ளிப் போட்டால் போதும் என்று நினைப்போம். ஆனால் ஏற்கெனவே ரத்தத்தில் சேர்ந்த மருந்தும் பித்தநீரோடு திரும்பத் திரும்பக் குடலுக்கு வருகிறதே! அங்கே காத்திருக்கும் இரும்பு அதையும் பிடித்துவிடும். டாக்ஸிசைக்ளினை ரத்தக் குழாய் வழியாக ஏற்றினால்கூட, வாயால் கொடுத்த இரும்பு அதன் அரை ஆயுளை, அதாவது ரத்தத்தில் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை, குறைப்பது இதனால்தான். டாக்ஸிசைக்ளின் முடியும்வரை இரும்பை நிறுத்தி வைக்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். இடைவெளி விடுவதைவிட அது மேல்.

பித்தநாளத்தில் கல் அடைத்துக் காய்ச்சல். பித்தநீரில் நன்றாகச் சேரும் ஆன்டிபயாட்டிக் மாத்திரையிலேயே குணமாகாதா?

ஆகாது. நாளம் அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறி, பித்தநீர் சுரப்பதே குறைந்துவிடும். அது ஓடினால்தானே மருந்தும் கூட ஓடும்? கிருமி இருக்கும் இடத்துக்கு மருந்து போதுமான அளவு போய்ச் சேராது. எண்டோஸ்கோப்பி மூலம் கல்லை எடுத்தோ ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்தோ அடைப்பைத் திறந்தாக வேண்டும். அதுவரை ஆன்டிபயாட்டிக்கை ஊசியாகக் கொடுப்பார்கள். குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல், வலது மேல்வயிற்றில் வலி, மஞ்சள் காமாலை மூன்றும் சேர்ந்தால் இரவானாலும் மருத்துவமனைக்குக் கிளம்பிவிடுங்கள்.