பாவனையாளர் கேள்வி-பதில்: குதிரையின் நிறை தெரியாமல் பூச்சி மருந்து வாங்கலாமா?

கேள்வி: வத்தளையில் உறவினர் ஒருவரின் காணியில் இரண்டு குதிரைகளை வைத்துப் பராமரித்து வருகிறோம். ஒன்று நுவரெலியாவில் ஓடி ஓய்வுபெற்ற பந்தயக் குதிரை. மற்றையது பிள்ளைகள் ஏறிப் பழகுவதற்காக வாங்கிய மட்டக்குதிரை. பூச்சி மருந்து வாங்கப் போன கடையில் ஐவர்மெக்டின் பசை அடைத்த குழாய் ஒன்றைத் தந்து, "இது 600 கிலோவுக்குப் போதும், இரண்டுக்கும் பாதி பாதியாகக் கொடுங்கள்" என்றார்கள். கண்ணால் பார்க்கும்போது பெரியது 350 கிலோவும் சிறியது 200 கிலோவும் இருக்கும் போல் தெரிவதால், கணக்குச் சரியாக வருவதாகவே நாமும் நினைத்தோம். விலையும் அதிகம், தராசும் எம்மிடம் இல்லை. அவர்கள் சொன்னபடி கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். உங்கள் கடிதம் கிடைத்தவுடன், இரண்டு குதிரைகளையும் நாடாவால் அளந்து அனுப்புமாறு கேட்டிருந்தோம். நீங்களும் சிரமம் பாராமல் அனுப்பியிருந்தீர்கள். அந்த அளவுகளை வைத்துப் பார்த்தால், பெரிய குதிரையின் நிறையை நீங்கள் 100 கிலோவுக்கு மேல் குறைத்து மதிப்பிட்டிருக்கிறீர்கள். குதிரையோடு நாள்தோறும் பழகுபவர்களும் கண்மதிப்பில் பெரும்பாலும் குறைவாகவே சொல்வார்கள்.

முதலில் அந்தக் குழாயில் இருப்பது என்னவென்று பார்ப்போம். 600 கிலோ என்று அச்சிட்ட ஐவர்மெக்டின் குழாயில் வழக்கமாக 1.87 சதவீதச் செறிவுள்ள பசை 6.42 கிராம் இருக்கும். அதாவது உள்ளே இருக்கும் மருந்து ஏறத்தாழ 120 மில்லிகிராம். குதிரையின் ஒவ்வொரு கிலோ நிறைக்கும் 0.2 மில்லிகிராம் போக வேண்டும் என்பதே அளவு. ஆகவே நீங்கள் கடையில் காசு கொடுத்து வாங்குவது 120 மில்லிகிராம் மருந்து. அது எத்தனை குதிரைக்குப் போதும் என்பதைக் குதிரையின் நிறைதான் சொல்ல வேண்டும், கடைக்காரரால் சொல்ல முடியாது.

நிறையைத் தராசில்லாமல் கணிக்க உலகெங்கும் பயன்படும் முறை ஒன்று உண்டு. மார்புச் சுற்றளவைச் சென்ரிமீற்றரில் எடுத்து, அதனை அதனாலேயே பெருக்கி, வரும் தொகையை உடல் நீளத்தால் பெருக்கி, 11,880ஆல் வகுத்தால் வளர்ந்த குதிரையின் நிறை கிலோவில் கிடைக்கும். உங்கள் பந்தயக் குதிரைக்குச் சுற்றளவு 182, நீளம் 165. கணக்குப் போட்டால் 460 கிலோ. மட்டக்குதிரைக்குச் சுற்றளவு 150, நீளம் 130. அது 246 கிலோ. இரண்டும் சேர்ந்து 706 கிலோ. 600 கிலோக் குழாய் ஒன்று இவற்றுக்கு எப்படிப் பிரித்தாலும் போதாது.

அதிலும் பாதி பாதி என்ற பங்கீடுதான் மிகத் தவறானது. பாதிக் குழாயில் 60 மில்லிகிராம் இருக்கும். சிறிய குதிரைக்கு அது தேவைக்குச் சற்று அதிகம். ஐவர்மெக்டினில் அந்தளவு மிகை சாதாரணமாகக் கேடு செய்வதில்லை. ஆனால் 460 கிலோக் குதிரைக்குக் கிலோவுக்கு 0.13 மில்லிகிராம்தான் கிடைக்கும். அது உரிய அளவில் மூன்றில் இரண்டு பங்கைக்கூட எட்டாது. அந்த அளவில் பலவீனமான புழுக்கள் சாகும். மருந்தைத் தாங்கக்கூடியவை எஞ்சி நிற்கும். அவை இடும் முட்டைகள் சாணத்தோடு அதே காணியில் விழ, அடுத்த முறை முழு அளவு கொடுத்தாலும் மருந்து முன்போல வேலை செய்யாத நிலை வரலாம். குதிரைகளின் சிறு குடற்புழுக்கள் பென்சிமிடசோல் வகை மருந்துகளுக்குப் பல நாடுகளில் அசையாமல் போய்விட்டன. குட்டிகளைத் தாக்கும் பெரிய உருண்டைப் புழு ஐவர்மெக்டினையே பல இடங்களில் தாங்கிக்கொள்கிறது. உருண்டைப் புழுக்களுக்கு எதிராகக் குதிரைக்குக் கொடுக்கக்கூடிய மருந்துக் குடும்பங்கள் விரல் விட்டு எண்ணக்கூடியவை என்பதால், ஒரு குழாயின் விலையை மிச்சம் பிடிக்கப் போய் அந்தச் சில மருந்துகளில் ஒன்றைக் கெடுத்துக்கொள்வதை எம்மால் ஏற்க முடியவில்லை.

இனி அளக்கும் விதம். இங்கேதான் கவனம் வேண்டும். குதிரையைச் சமதரையில், நான்கு கால்களும் நேராக ஊன்றியபடி, தலையைத் தாழ்த்தாமலும் உயர்த்தாமலும் நிறுத்துங்கள். பிடரிமயிர் முடிந்து முதுகு தொடங்கும் இடத்தில் ஒரு மேடு இருக்கும். அதன் பின்சரிவில் நாடாவை வைத்து, முன்னங்கால் முழங்கைக்குச் சற்றுப் பின்னால் இறக்கி, வயிற்றடியில் சுற்றி எடுங்கள். நாடா தோலோடு படிய வேண்டும், தோலுக்குள் அழுந்தக் கூடாது. குதிரை மூச்சை வெளிவிட்ட நேரத்தில் வாசிக்க வேண்டும். நீளத்தை மார்பின் முன்பக்கம் துருத்தி நிற்கும் தோள் எலும்பின் முனையிலிருந்து, வாலுக்குக் கீழே பக்கவாட்டில் கைக்குத் தட்டுப்படும் பிட்டத்து எலும்பின் முனை வரை எடுங்கள். இதற்கு இரண்டு பேர் தேவை. தனியாக எடுத்தால் நாடா தொய்ந்துவிடும்.

சுற்றளவு தன்னைத்தானே பெருக்குவதால், அதில் நேரும் பிழையும் பெருகும். உங்கள் பெரிய குதிரையின் நீளத்தில் 5 சென்ரிமீற்றர் தவறினால் விடை 14 கிலோ மாறும். சுற்றளவில் அதே 5 சென்ரிமீற்றர் தவறினால் ஏறத்தாழ 26 கிலோ மாறிவிடும். ஆகவே சுற்றளவை மூன்று தடவை எடுத்து நடுவில் வருவதை வைத்துக்கொள்ளுங்கள். தையற்காரர் நாடா 150 சென்ரிமீற்றரோடு முடிந்துவிடும் என்பதையும் மறக்க வேண்டாம். அது மட்டக்குதிரைக்கே மட்டுமட்டாகத்தான் காணும். பெரிய குதிரைக்கு இழுபடாத கயிறொன்றால் சுற்றி, முடிச்சிட்டு அடையாளம் செய்து, பின்னர் கயிற்றைத் தரையில் நீட்டி மீற்றர்க் கோலால் அளந்தால் போதும். குதிரையின் நிறையை நேரடியாக வாசிக்கும்படி அச்சிட்ட நாடாக்களும் உண்டு. அவை சுற்றளவை மட்டுமே கொண்டு கணிப்பதால், நீளமும் சேர்ந்த கணக்கே எமக்கு அதிக நம்பிக்கை தருகிறது.

சினைப்பட்ட குதிரை, குட்டி, எலும்பு தெரிய மெலிந்த குதிரை ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கு சரிவராது; அவற்றை மிருக வைத்தியரிடம் காட்டியே அளவைத் தீர்மானிக்க வேண்டும்.

வாங்க வேண்டியது என்ன என்று கேட்டால், இரண்டு குழாய்கள். குழாயின் தண்டில் நிறை குறித்த கோடுகளும் திருகி நிறுத்தும் வளையமும் இருக்கும். 460 கிலோ இரண்டு கோடுகளுக்கு இடையில் விழுந்தால் மேற்கோட்டில் நிறுத்துங்கள். ஆனால் மேற்கோட்டுக்கு நகர்த்தும் இந்தத் தாராளத்தை மொக்சிடெக்டின் என்ற மருந்துக்குக் காட்டக் கூடாது. அதன் பாதுகாப்பு எல்லை குறுகியது. இளங்குட்டிகளும் மெலிந்த குதிரைகளும் மிகை அளவால் ஆபத்துக்குள்ளாகலாம்.

மருந்து கொடுப்பதற்கு முன் சாணத்தைப் பரிசோதித்து ஒரு கிராமுக்கு எத்தனை முட்டைகள் என்று பாருங்கள். கொடுத்து 14 நாள் கழித்து மறுபடியும் பாருங்கள். முதற் பரிசோதனையில் எண்ணிக்கை குறைவாக இருந்தால், மருந்து இப்போது தேவையா என்பதை மிருக வைத்தியரோடு பேசி முடிவெடுக்கலாம். செலவை உண்மையில் மிச்சப்படுத்தும் வழி அதுதான்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த ஒருவர் குதிரைப் பூச்சி மருந்துக் குழாய்கள் சிலவற்றைக் கொண்டுவந்து தந்தார். அதன் தண்டில் 250, 500, 750, 1000, 1250 என்று எண்கள் உள்ளன. 1250 கிலோக் குதிரையும் உண்டா? (தெஹிவளை வாசகி)

பதில்: நல்ல வேளையாகச் சந்தேகப்பட்டீர்கள். அவை இறாத்தல். அமெரிக்காவில் விற்கப்படும் குழாய்களில் இறாத்தல் கணக்கே அச்சிடப்படுகிறது. 1250 இறாத்தல் என்பது 567 கிலோ. 460 கிலோக் குதிரைக்கு அந்தத் தண்டை 460க்கு அருகில் நிறுத்தினால், 209 கிலோவுக்குரிய மருந்துதான், அதாவது பாதிக்கும் குறைவாகவே, உள்ளே போகும். கிலோவை 2.2ஆல் பெருக்கி இறாத்தலாக்கிய பின்பே வளையத்தைத் திருகுங்கள். 460 கிலோவுக்கு 1012 வரும். வளையத்தை அடுத்த கோட்டுக்கு நகர்த்திவிடுங்கள். காலாவதித் திகதியையும் பாருங்கள். பயணப் பெட்டியில் வந்த மருந்துக்குக் குறை சொல்லப் போக ஒரு கடை இருக்காது.

கேள்வி: லொறிகளை நிறுக்கும் தராசில் குதிரையை நிறுக்கலாமா? (கொட்டாஞ்சேனை வாசகர்)

பதில்: நிறுக்கலாம். குதிரையோடு லொறியை ஒரு முறையும், குதிரையை இறக்கிய பின் ஒரு முறையும் நிறுத்துக் கழித்தால் போதும். இரண்டு முறையும் லொறியில் அதே ஆட்களே இருக்க வேண்டும் அல்லது இரண்டு முறையும் இறங்கியிருக்க வேண்டும். இடையில் எரிபொருள் நிரப்பவும் கூடாது. பெரிய தராசுகள் 10 அல்லது 20 கிலோப் படிகளில் காட்டுவதால் அந்தளவு வித்தியாசத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். வியாபாரத்துக்குப் பயன்படும் தராசு எதுவாயினும் அளவீட்டு அலகுகள், நியமங்கள் மற்றும் சேவைகள் திணைக்களத்தின் முத்திரை பெற்றிருக்க வேண்டும். அதைக் காட்டுமாறு கேட்பதில் தவறில்லை. அன்றைய தினமே நாடாவாலும் அளந்து இரண்டையும் எழுதி வையுங்கள். அடுத்த முறை நாடா மட்டும் போதும். உங்கள் குதிரைக்கு அது எவ்வளவு கூட்டிக் குறைத்துக் காட்டுகிறது என்பது தெரிந்திருக்கும்.

கேள்வி: மாட்டுக்கு விற்கும் ஐவர்மெக்டின் ஊசி மருந்து குதிரைப் பசையை விட மலிவு. அதை வாங்கிக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். ஐவர்மெக்டின் குதிரைகளுக்கு முன்னர் ஊசியாக ஏற்றப்பட்டபோது, ஊசி போட்ட இடத்தில் கடுமையான கிருமித்தொற்று ஏற்பட்டதுண்டு; குதிரைக்கு வாய்வழிப் பசை வழக்கமானதற்கு அதுவும் காரணம். குதிரைக்கென்று அச்சிட்ட பெட்டியோடும் பற்றுச்சீட்டோடும் வாங்குங்கள். கேட்டால் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது வியாபாரியின் கடமை. காலாவதியான மருந்தை விற்றாலோ பற்றுச்சீட்டைத் தர மறுத்தாலோ, 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

கேள்வி: மன்னாரில் உள்ள எம் பெற்றோர் இரண்டு கழுதைகளை வளர்க்கிறார்கள். மேலே சொன்ன கணக்கு அவற்றுக்கும் பொருந்துமா? (வெள்ளவத்தை வாசகர்)

பதில்: பொருந்தாது. கழுதையின் உடலமைப்பு வேறு. குதிரைக்கான கணக்கும் நாடாவும் அதற்குப் பிழையான நிறையையே காட்டும். மார்புச் சுற்றளவையும் உயரத்தையும் வைத்து நிறையை வாசிக்கும் தனி அட்டவணை கழுதைகளுக்கென்றே உண்டு. இரண்டு அளவுகளையும் எடுத்துக்கொண்டு அங்குள்ள அரச மிருக வைத்தியரிடம் போகச் சொல்லுங்கள். வீட்டில் நாய் இருந்தால், மருந்து கொடுக்கும்போது அதைக் கட்டி வைக்கவும் சொல்லுங்கள். கழுதை துப்பிய பசையை நாய் நக்கினால், முக்கியமாகக் கோலி இனக் கலப்புள்ள நாயாக இருந்தால், உயிருக்கே ஆபத்தாகலாம்.