பதில்: ரொறன்ரோவில் வெளியே வைத்த கறிவேப்பிலைக் கன்று வெளுத்துக் கொட்டுகிறது

வணக்கம். ஏப்ரல் நடுப்பகுதியில் வெளியே வைத்தீர்கள், நாலு நாளில் வெயில் பட்ட பக்கத்து இலைகள் மட்டும் காகிதம் போல வெளுத்துவிட்டன என்கிறீர்கள். அது நோயில்லை, வெயில் சுட்டது. குளிர்காலம் முழுக்க ஜன்னல் வெளிச்சத்தில் வந்த இலை நேர் வெயிலைத் தாங்காது. வெளுத்தது திரும்பப் பச்சையாகாது. மருந்தடித்துக் காசைக் கரைக்க வேண்டாம்.

இன்றே உள்ளே எடுங்கள். இரவு வெப்பம் தொடர்ந்து 10 பாகை செல்சியஸுக்கு மேல் நின்ற பிறகே மறுபடி வெளியே. உங்கள் பக்கம் மே பிற்பகுதியில் வரும் விக்டோரியா தின விடுமுறையை ஒட்டித்தான் அது வரும். முதல் மூன்று நாள் முழு நிழல், பிறகு காலை வெயில் ஒரு மணி நேரம், அப்படியே கூட்டிப் பத்துப் பன்னிரண்டு நாளில் முழு வெயில். காற்று பலமான நாளில் வெளியே வைக்காதீர்கள்.

தண்டை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது. புதுத் துளிர் முட்டியதும் நுனியை ஓர் இலைக்காம்புக்கு மேலே வெட்டினால் பக்கக் கிளை வரும்.

சாடி மாற்றுவது வேர் அடியில் சுற்றியிருந்தால் மட்டும், அதுவும் 2 அங்குலம் பெரியதற்கு. மிகப் பெரிய சாடியில் ஈரம் தங்கி வேர் அழுகும். சாடிமண் 3 பங்கு, பெர்லைட் (மண்ணை இளக்கி நீர் வடிய வைக்கும் வெள்ளைத் துகள்) 1 பங்கு. கொல்லைக் களிமண் கூடவே கூடாது. மேல்மண் ஓர் அங்குலம் காய்ந்த பிறகு தண்ணீர். உரம் துளிர் வந்த பின், பாதி அளவில்.

இலையின் அடிப்பக்கம் மெல்லிய வலை தெரிகிறதா? தெரிந்தால் செஞ்சிலந்தி (இலைச் சாறு உறிஞ்சும் மிகச் சிறிய பூச்சி), உள்ளே எடுக்குமுன் குழாய்த் தண்ணீரால் அடியோடு பீய்ச்சிக் கழுவுங்கள்.