அழுகிற பிள்ளைக்குப் பால் காணாதா?

உரும்பிராயிலிருந்து ஒரு தாய் மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். முதல் பிள்ளை, சிசேரியன், இன்றைக்கு 38 நாள். பின்னேரம் ஆறு மணிக்குத் தொடங்கும் அழுகை பத்து மணி வரைக்கும் ஓயாது, மார்பு முந்தி மாதிரிக் கட்டுவதில்லை, பம்ப் வைத்தால் 30 மில்லிலீற்றர்தான் வருகிறது. "பால் காணாது" என்று மாமி சொல்ல, கனடாவிலிருந்து வந்த பால்மா ரின்னை உடைத்து ஐந்து நாளாக இரவில் இரண்டு தரம் கொடுக்கிறார்கள். விக்கல், பச்சை நிற மலம், வயிற்று இரைச்சல் என்று இன்னும் பல இருக்கின்றன. ஆனால் உண்மையான கேள்வி கடைசி வரியில்தான்: "நான் என்ரை பிள்ளையைப் பழுதாக்கிப் போட்டேனா டொக்டர்?"

இல்லை, தங்கச்சி. ஐந்து இரவு பால்மா குடித்த பிள்ளை பழுதாகிப் போகாது. ஒரு போத்தல் கொடுத்தாலே குடல் கெட்டுவிடும், மூளை வளராது என்று இணையத்தில் எழுதுகிறவர்கள், சாமம் இரண்டு மணிக்கு ஒரு தாய் அதை வாசித்துவிட்டு அழுதுகொண்டிருப்பாள் என்று ஒரு கணமும் யோசிப்பதில்லை. அவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வருகிறது. விக்கலும் பச்சை மலமும் இரைச்சலும் கணக்கிலேயே இல்லை, விடுங்கள்.

நீங்கள் கவனிக்காமலே எழுதிவிட்ட ஒரு விஷயம் இருக்கிறது. பிறந்த நிறை 2.9 கிலோ, 31ஆம் நாள் கிளினிக்கில் 3.7 கிலோ. அதாவது 800 கிராம் கூடியிருக்கிறது, நாளொன்றுக்கு ஏறக்குறைய 26 கிராம். இந்த வயதில் 20 முதல் 30 கிராம் வரை கூடினால் நாங்கள் திருப்திப்படுவோம். பால்மா ரின் உடைத்தது அதற்குப் பிறகு, துடக்குக் கழிந்து சொந்தக்காரர் வரத் தொடங்கிய கிழமையில். அப்படியென்றால் அந்த 800 கிராமில் ஒரு கிராம்கூட ரின்னிலிருந்து வந்ததில்லை, முழுக்க உங்கள் பால். மாமிக்கு இதை வாசித்துக் காட்டுங்கள், மரியாதையாகவே.

பின்னேர அழுகை இந்த வயதுப் பிள்ளைகளின் இயல்பு, ஆறாம் கிழமையளவில் உச்சத்துக்குப் போய் மூன்று, நான்கு மாதத்தில் தானாக அடங்கும். அந்த நேரத்தில் அரை மணிக்கொரு தரம் மார்பைத் தேடுவார்கள். அது பட்டினி இல்லை, அடுத்த நாட்களுக்கான பாலைப் பிள்ளையே கேட்டு வைக்கிற மாதிரி. மார்பு மெதுவானதும் நல்லதுதான், உடம்பு பிள்ளையின் தேவைக்கேற்பச் சுரக்கப் பழகிவிட்டது. பம்பில் வந்த 30 மில்லிலீற்றரை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள், பிள்ளையின் வாய் எடுக்கிற அளவுக்கு இயந்திரம் பெரும்பாலும் எடுக்காது.

ஆனால் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். இரவு பால்மா குடித்த பிள்ளை நாலைந்து மணித்தியாலம் தூங்கும், ஏனென்றால் அது செரிக்க நேரம் எடுக்கும். அவ்வளவு நேரமும் உங்கள் மார்பு நிரம்பியே இருக்கும். நிரம்பிய மார்பு சுரப்பைக் குறைக்கும், வெறுமையாகும் மார்புதான் சுரக்கும். அதுவும் சுரப்புக்கு வேண்டிய ஹோர்மோன் கூடுதலாக வருகிற இரவு நேரம். இப்படியே இரண்டு மூன்று கிழமை போனால் இன்றைக்குப் பொய்யாக இருக்கிற "பால் காணாது" அன்றைக்கு உண்மையாகிவிடும். என் கிளினிக்குக்கு வருகிற தாய்மாரில் பலர் இந்த வழியால்தான் போயிருக்கிறார்கள், ஒருவரும் வேண்டுமென்று போகவில்லை.

பால்மாவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பம் 12 நாள் பிள்ளையோடு வந்தது. "நல்ல பிள்ளை, அழுகையே இல்லை, எழுப்பினாலும் நித்திரைதான்" என்று அம்மம்மா பெருமையாகச் சொன்னா. நிறுத்துப் பார்த்தால் பிறந்த நிறையிலும் 450 கிராம் குறைவு. தாய்க்குப் பிரசவத்தில் கடுமையாக இரத்தம் போயிருந்தது, பால் இறங்கவே இல்லை. அன்று இரவே அளந்து பால்மா கொடுத்தோம், அது அந்தப் பிள்ளைக்கு மருந்து. குறைமாதப் பிள்ளை, இரத்தத்தில் சீனி குறைந்த பிள்ளை, முதல் நாட்களில் பத்து வீதத்துக்கு மேல் நிறை இழந்த பிள்ளை, தைரொயிட் குறைபாடோ மார்பில் சத்திரசிகிச்சையோ உள்ள தாய், விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்புகிற தாய் என்று தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் தோற்றுப்போன தாய் இல்லை.

அந்த அம்மம்மாவின் பேச்சு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது, ஏனென்றால் நான் பயப்படுவது அந்த மாதிரி அமைதியான பிள்ளைக்குத்தான். தொண்டை கிழிய அழுகிற பிள்ளைக்கு அழுவதற்குத் தெம்பு இருக்கிறது. பால் உண்மையாகவே காணாத பிள்ளை பல நேரம் சத்தமே போடாது. இரண்டு இழுவை இழுத்துவிட்டு உறங்கும், பாலுக்கு எழும்பாது, எழுப்பினாலும் சோர்ந்து விழும், சிறுநீர் குறையும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணித்தியாலத்தில் ஆறு தரமாவது நன்றாக நனைய வேண்டும், சிறுநீர் வெளிறிய நிறத்தில் இருக்க வேண்டும். பம்பஸ் போட்டால் இந்தக் கணக்குத் தெரியாது, இரண்டு நாளைக்குத் துணி கட்டி எண்ணிப் பாருங்கள். ஆறுக்குக் குறைந்து சிறுநீர் கடும் மஞ்சளாகப் போனாலோ, எழுப்ப முடியாத தூக்கம் என்றாலோ, விடியட்டும் என்று இருக்காதீர்கள், எனக்குக் கடிதமும் எழுதாதீர்கள். அந்த நேரமே ஆஸ்பத்திரி, வாகனம் இல்லையென்றால் 1990 அம்புலன்சுக்கு எடுங்கள். உங்கள் பிள்ளை ஒரு நாளைக்கு எட்டு தரம் நனைக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள், அதனால்தான் நான் நிம்மதியாக இருக்கிறேன்.

அப்புறம் அந்தக் குளிசை. யாரோ சொன்னார்கள் என்று பாமசியில் டொம்பெரிடோன் வாங்கிப் போடுகிறீர்களாம். அது வாந்திக்குக் கொடுக்கிற மருந்து, பால் கூடுவது அதன் பக்கவிளைவு. இதயத் துடிப்பைக் குழப்பக் கூடியது. முலைக்காம்பில் பூஞ்சை என்று ஃப்ளூகொனசோலும் சேர்த்துப் போட்டால் ஆபத்து இன்னும் கூடும். தேவையான பால் இருக்கிற தாய்க்கு இது எதற்கு? இன்றோடு நிறுத்துங்கள். மாமி சமைக்கிற பால்சுறாவும் உள்ளியும் முருங்கையிலையும் தாராளமாகச் சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லது. பாலைக் கூட்டுவது பிள்ளையின் வாய்தான்.

பால்மாவை ஒரேயடியாக நிறுத்தப் பயமென்றால், மூன்று நாளைக்கு, கொடுக்கிற 60 மில்லிலீற்றரை 30 ஆக்குங்கள், பிறகு விடுங்கள். முதலில் இரண்டு மார்பும், பிறகுதான் பால்மா, போத்தலும் சூப்பியும் இல்லாமல் சின்னக் கோப்பையால். கொடுக்கிற வரைக்கும் ரின்னில் போட்டிருக்கிற அளவுப்படிதான் கரைக்க வேண்டும். "சூடு" என்று மாமி தண்ணீரைக் கூட்டிக் கரைக்கிறா என்றீர்களே, அதை உடனே நிறுத்துங்கள், அந்தத் தண்ணீர் இரத்தத்தில் உப்பைக் குறைத்துப் பிள்ளைக்கு வலிப்பைக் கொண்டுவரலாம். கிணற்றுத் தண்ணீரும் வேண்டாம். உங்கள் வலிகாமப் பகுதித் தோட்டக் கிணறுகள் பலவற்றில் உரத்தால் நைத்திரேற்று கூடிக் கிடக்கிறது, லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போனால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைக் காவ முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கலாம். கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். நைத்திரேற்றையும் வடித்தெடுக்கிற ஆர்.ஓ. இயந்திரத்தில் சுத்திகரித்த தண்ணீரை வாங்கி, அதையும் கொதிக்க வைத்து, சூடு 70 பாகைக்குக் குறைய முன்னம் மாவைப் போட்டுக் கரைத்து, ஆறவிட்டுக் கொடுங்கள். மிஞ்சினதை ஊற்றிவிடுங்கள்.

வருகிற கிழமை மிட்வைஃப் அக்காவிடம் பிள்ளையை நிறுத்து, பதிவேட்டில் எழுதுவியுங்கள். கடைசி நிறுவையிலிருந்து நாளுக்கு 20 கிராமாவது கூடியிருந்தால் ரின்னை அலுமாரியில் வைத்துப் பூட்டலாம். குறைந்திருந்தால் பதிவேட்டையும் பிள்ளையையும் கொண்டு நேரே வாருங்கள், எத்தனை மில்லிலீற்றர், எத்தனை நாள் என்று நானே எழுதித் தருகிறேன்.