“டேக் கேர்னா என்னம்மா அர்த்தம்?”

கேள்வி: எனக்கு 52 வயது. அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. அப்பாவுக்கு 81; தனியாக இருக்கிறார். மூன்று மணி நேரப் பயணத் தொலைவில் நான் இருக்கிறேன். அம்மா போனதிலிருந்து தினமும் ராத்திரி தவறாமல் போன் செய்கிறேன். மாத்திரை, மருத்துவச் செலவு எல்லாம் என் பொறுப்பு. பக்கத்திலேயே இருக்கும் தம்பி அப்பாவைக் கேர் பண்ணுவதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து நகம் வெட்டிவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவதோடு சரி. போன மாதம் ஒரு நாள் வழக்கம்போல “டேக் கேர்ப்பா” என்று சொல்லி போனை வைக்கப் போனேன். “தினம் சொல்றியே, அதுக்கு என்னம்மா அர்த்தம்?” என்று கேட்டார். சிரித்துவிட்டேன். அதிலிருந்து சரியாகப் பேசுவதில்லை. சில நாள் போனையே எடுப்பதில்லை. வயதானால் இப்படித்தானா? தம்பிக்குப் பொறுப்பை எப்படிப் புரியவைப்பது?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தம்பியைக் குறை சொல்லி அக்கா எழுதும் கடிதமும், அக்காவைக் குறை சொல்லித் தம்பி எழுதும் கடிதமும் எனக்கு வந்துகொண்டேதான் இருக்கின்றன. அந்தப் பஞ்சாயத்துக்கு இன்று நான் வரவில்லை. போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒரு வரியை என்னால் தாண்ட முடியவில்லை. அப்பா உங்களிடம் ஒரு கேள்வி கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள். அந்தக் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது. “வயதானால் இப்படித்தானா” என்று என்னிடம் கேட்கிறீர்களே, அவர் கேட்டதற்கு முதலில் பதில் சொல்ல வேண்டாமா?

உங்களுக்கும் அர்த்தம் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். தெரிந்திருந்தால் சிரிப்பு வந்திருக்காது. நான் சொல்கிறேன், கேளுங்கள்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் ‘கேர்’ என்ற சொல் ‘கரு’ என்று இருந்தது. நம் ‘கரு’வுக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. அதற்குப் பொருள் துக்கம், மனவேதனை, கவலை. இன்னும் பின்னால் போனால், அழுது புலம்புவதைக் குறித்த ஒரு வேர்ச்சொல்லில் போய் நிற்கும். ஜெர்மன் மொழியில் புனித வெள்ளிக்குக் ‘கார்ஃப்ரைடாக்’ என்று பெயர். அந்தக் ‘கார்’ இதே வேர்தான். புலம்பல் வெள்ளி என்று அர்த்தம். ஆக, கேர் என்ற சொல் பிறக்கும்போதே கண்ணீரோடு பிறந்தது. ஒருவருக்காக நெஞ்சு வலிப்பதுதான் அதன் முதல் பொருள். கவனம், பாதுகாப்பு, பராமரிப்பு எல்லாம் அந்த வலியிலிருந்து பிற்பாடு கிளைத்தவை.

‘கேர்ஃபுல்’ என்றால் இன்று ஜாக்கிரதை. முதலில் அதற்குக் கவலை நிறைந்தவர் என்றுதான் பொருள். ‘கேர்லெஸ்’ என்பதும் ஆரம்பத்தில் வசைச்சொல் கிடையாது, கவலையில்லாதவர், அவ்வளவுதான். 1611இல் வந்த ஆங்கில பைபிளில், பேதுருவின் முதல் கடிதத்தில் ஒரே வசனத்துக்குள் இந்தச் சொல் இரண்டு பொருளில் வரும். தமிழ் பைபிளில் அந்த இடம் இப்படி இருக்கிறது: “அவர் உங்களை விசாரிக்கிறவரானபடியால், உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்.” ‘விசாரிக்கிறவர்’, ‘கவலைகள்’ இரண்டுக்கும் ஆங்கிலத்தில் கேர்தான். நம் மொழியிலும் இந்த உறவு உண்டு. விசாரம் என்றால் கவலை. விசாரிப்பது என்றால் நலம் கேட்பது. மனதில் விசாரம் இருப்பவர்தான் விசாரிக்க வருவார்.

கேருக்கும், நோயைக் குணப்படுத்துவதைக் குறிக்கும் கியூருக்கும் ஒரே வேர் என்று பலர் நினைக்கிறார்கள். கிடையாது. கியூர் லத்தீனிலிருந்து வந்தது. ஒலி ஒத்துப்போகிறதே தவிர உறவு இல்லை. மாத்திரைச் செலவு முழுக்க உங்களுடையது என்று எழுதியிருக்கிறீர்கள். அது கியூர் பக்கத்துக் கணக்கு. செய்ய வேண்டியதுதான், நல்லதுதான். ஆனால் இந்தச் சொல்லின் வீட்டுக்குள் அது வராது.

சரி, இனி நீங்கள் சொல்லும் வாக்கியத்துக்கு வருவோம். ‘டேக் கேர்.’ இது ஏவல் வாக்கியம். பள்ளிக்கூடத்தில் தோன்றா எழுவாய் என்று படித்திருப்பீர்கள். இதில் மறைந்திருக்கும் எழுவாய் ‘நீ’. டேக் என்றால் எடுத்துக்கொள். அப்படியே பிரித்தால், ‘கவலையை நீ எடுத்துக்கொள்’, ‘உன்னை நீயே பார்த்துக்கொள்’ என்று வரும். ஆங்கிலம் பேசுகிறவர்கள் பிரியத்தோடு விடைபெறும்போது சொல்வதுதான் இது, அவர்கள் யாரும் இப்படிப் பிரித்துப் பார்ப்பதில்லை. நீங்களும் பிரியத்தோடுதான் சொன்னீர்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் மனைவியை இழந்துவிட்டுத் தனியாக உட்கார்ந்திருக்கும் 81 வயது மனிதரிடம், 700 ராத்திரிக்கு மேல், “உங்களை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சொல்லியிருக்கிறீர்கள்.

அவருக்கு ஆங்கிலம் தெரியாதே என்பீர்கள். ஒரு சொல்லை அகராதி பார்த்தா எல்லோரும் கற்றுக்கொள்கிறோம்? அது எப்போது வருகிறது, வந்த பிறகு என்ன நடக்கிறது என்று பார்த்துப் பார்த்துத்தானே பிடிக்கிறோம்? உங்கள் அப்பாவுக்கு அந்தச் சொல் எப்போது வருகிறது? அவர் ஏதோ சொல்ல வாயெடுக்கும்போது வருகிறது. வந்த அடுத்த நொடி போன் அடங்கிவிடுகிறது. இரண்டு வருடம் இப்படிக் கேட்ட ஒருவர் அதற்கு என்ன அர்த்தம் கண்டுபிடித்திருப்பார்? “போதும், வைக்கிறேன்” என்றுதான். அவர் அன்று அர்த்தம் கேட்டதே, தான் நினைத்துக்கொண்ட அர்த்தம் தப்பு என்று உங்கள் வாயால் கேட்கத்தான் என்று நான் நம்புகிறேன். உங்கள் சிரிப்பு அதை உறுதிசெய்துவிட்டது. அப்புறம் அவர் எதற்கு போனை எடுக்க வேண்டும்?

இப்போது தம்பி. “கேர் பண்ணுவதே இல்லை” என்கிறீர்கள். ஆங்கிலத்தில் இந்தச் சொல்லோடு ‘அபவுட்’ சேர்ந்தால் மனதில் இருக்கும் அக்கறை. ‘ஃபார்’ சேர்ந்தால் பெரும்பாலும் கையால் செய்யும் பணிவிடை. தமிழில் ‘கேர் பண்றது’ என்று ஒன்றாகக் கலந்துவிட்டதால் உங்கள் கண்ணுக்கு வித்தியாசம் தெரியவில்லை. வயதானவர்களின் கால் நகத்தை நீங்கள் வெட்டிப் பார்த்ததுண்டா? தடித்து, மஞ்சளாகி, கல் மாதிரி இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்தால்தான் நகவெட்டி பதியும். பாதத்தை மடியில் வைத்துக்கொண்டு, ஓரத்தை ஆழமாக வெட்டாமல் நேராக வெட்ட வேண்டும். ஆழமாகப் போனால் நகம் சதைக்குள் வளரும். குனிந்த தலை நிமிராமல் செய்கிற வேலை. அதைச் செய்கிறவனைத்தான் “வெட்டிவிட்டுப் போவதோடு சரி” என்று ஒரே வரியில் தள்ளியிருக்கிறீர்கள். பெற்றவர்களுக்குச் செய்வதை அக்கா இவ்வளவு, தம்பி இவ்வளவு என்று பங்கு போட்டு எழுதுவது எனக்குப் பிடிக்காது. முடிந்தவர் முடிந்ததைச் செய்ய வேண்டும். முடியாததையும் கொஞ்சம் செய்ய வேண்டும். பணம் கொடுப்பது அதில் சுலபமான பாதி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் நோயாளியையும் முதியவரையும் பார்த்துக்கொள்பவருக்குக் ‘கேர்கிவர்’ என்ற பெயர் உண்டு. கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர் ‘கேர்டேக்கர்’. கொடுப்பவர், எடுப்பவர் என்று எதிரெதிர்ச் சொற்கள். செய்வதோ கிட்டத்தட்ட ஒரே வேலை. ஒருவருடைய கவலையை எடுத்துக்கொள்வதும் அவருக்கு அக்கறையைக் கொடுப்பதும் ஒன்றுதான் என்று நான் அதைப் படிக்கிறேன். விலாசத்தில் ‘கேர் ஆஃப்’ என்று போடுவோமே, அதற்கும் ‘இவர் பொறுப்பில்’ என்றுதான் பொருள். சின்ன வயதில் உங்கள் பெயருக்குக் கீழே எத்தனை தாள்களில் அப்பாவின் பெயர் அப்படி இருந்திருக்கும்! இப்போது அவர் பெயருக்குக் கீழே யார் பெயர் வர வேண்டும்?

தம்பிக்குப் புரியவைப்பதை ஒத்திவையுங்கள். சனிக்கிழமை கிளம்புங்கள். மூன்று மணி நேரம் ஒரு தூரமே இல்லை. ராத்திரி அங்கேயே தங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை தம்பி தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து உட்காரும்போது, அப்பாவின் இன்னொரு பாதத்தை நீங்கள் எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு, “அன்னிக்கு ஒண்ணு கேட்டீங்களேப்பா…” என்று ஆரம்பியுங்கள்.