பம்ப் லேசரும் பழைய பஞ்சாங்கமும்: கடிதம்

அன்புள்ள ஐயா,

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஜோதிடப் பஞ்சாங்கங்கள் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். நான் ஃபைபர் நெட்வொர்க்கில் வேலை செய்பவன். எங்கள் லைனில் 80 கிலோமீட்டருக்கு ஒரு ஆப்டிகல் ஆம்ப்ளிஃபையர், அதாவது ஒளியைப் பெருக்கும் கருவி, இருக்கும். உள்ளே வருவது சிக்னலா இரைச்சலா என்று அதற்குத் தெரியாது. இரண்டையும் ஒன்றுபோலப் பெருக்கும், போதாததற்குத் தன் பங்குக்கும் கொஞ்சம் இரைச்சலைச் சேர்க்கும். நீங்கள் சொல்லும் பஞ்சாங்கமும் அதே வேலையைத்தானே செய்தது? கோப்பர்நிக்கஸையும் பெருக்கியது, புளுகையும் பெருக்கியது. அந்த ஆரூடங்களை இரைச்சல் என்று தள்ளிவிடாமல் ஏன் இவ்வளவு பிரியமாக எழுதுகிறீர்கள்?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் தொழிலிலிருந்தே வந்த ஒப்பீடு என்பதால் அதைத் தைரியமாக நீட்டிப் பார்க்கலாம். நீங்கள் ஆரூடத்தை வைக்கும் இடத்தில்தான் எனக்குக் கருத்து வேறுபாடு. என் கணக்கில் அது முதலில் பம்ப், அதாவது பெருக்கத்துக்கு ஆற்றல் ஊட்டும் ஒளி; அப்புறம்தான் இரைச்சல்.

உங்கள் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி இழையில் ஒளி கிலோமீட்டருக்குச் சுமார் 0.2 டெசிபல் இழக்கிறது. கேட்கச் சின்ன எண்தான். 80 கிலோமீட்டர் போனால் 16 டெசிபல், அதாவது அனுப்பியதில் நாற்பதில் ஒரு பங்குதான் மிச்சம். முன்பெல்லாம் அந்த இடத்தில் ஒளியை மின்சாரமாக்கி, பிட்டுகளைப் படித்து, புதிய லேசர் ஒன்றால் மறுபடி எழுதி அனுப்பினார்கள். 1988ல் அட்லாண்டிக்குக் குறுக்கே போடப்பட்ட முதல் ஃபைபர் கேபிளான டாட்-8 அப்படித்தான் ஓடியது. ஆனால் அதற்கு முந்தைய வருடமே சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெய்ன் குழுவினரும், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இம்மானுவேல் டெஸுர்வீரும் எர்பியம் என்ற உலோகத் தனிமம் கலந்த இழையால் ஒளியை ஒளியாகவே பெருக்கிக் காட்டிவிட்டார்கள். சில மீட்டர் இழை, அவ்வளவுதான். அதற்குள் 980 நானோமீட்டர் பம்ப் லேசரைச் செலுத்தினால் எர்பியம் அயனிகள் அந்த ஆற்றலை வாங்கிக்கொண்டு சுமார் 10 மில்லிசெகண்ட் மேல்நிலையில் நிற்கும். அந்த நேரத்தில் 1550 நானோமீட்டரில் செய்தியோடு ஒரு ஃபோட்டான் அந்தப் பக்கம் வந்தால், அயனி தன் ஆற்றலை அதே நிறத்தில், அதே அலைக்கட்டத்தில், அதே திசையில் இன்னொரு ஃபோட்டானாகக் கொடுத்துவிடும். பம்ப் ஒளியில் செய்தி என்று எதுவும் கிடையாது. ஆனால் அதை அணைத்தால் அந்த எர்பியம் இழை பெருக்காமல் நிற்பதோடு போகாது, வரும் சிக்னலையே விழுங்கத் தொடங்கிவிடும்.

இப்போது டிக்ஸ் குடும்பத்துக்கு வருகிறேன். லெனர்ட் டிக்ஸ் என்ற கணித அறிஞர் 1550களில் ஒரு நிரந்தர ஆரூட நூல் வெளியிட்டார். வருடா வருடம் புதிதாக வாங்க வேண்டாம். கோள்களையும் நிலவையும் பார்த்து வானிலை சொல்லும் விதிகள், ரத்தம் வடிக்க நல்ல வேளை, இப்படி எந்த வருடத்துக்கும் ஆகிற விஷயங்கள். 1576ல் மகன் தாமஸ் டிக்ஸ் அப்பாவின் புத்தகத்தை மறுபடி அச்சிட்டபோது, பின்னால் சில பக்கங்கள் சேர்த்தார். கோப்பர்நிக்கஸின் நூலில் முதல் பாகத்திலிருந்து முக்கியமான பகுதிகள், ஆங்கிலத்தில். கூடவே ஒரு படம். கோப்பர்நிக்கஸ் சூரியனை நடுவில் வைத்தாலும் நட்சத்திரங்களை எல்லாம் வெளியே ஒரு கோளத்தில் பதித்து நிறுத்தியிருந்தார். தாமஸ் அந்த வட்டத்துக்கு அப்பாலும் படத்தின் மூலைகள் வரைக்கும் நட்சத்திரங்களை இறைத்துவிட்டார். இந்த மண்டலம் முடிவில்லாமல் மேலே மேலே விரிகிறது என்று படத்துக்குள்ளேயே எழுதியும் வைத்தார்.

இதே தாமஸ் 1573ல், முந்தைய வருடம் வானத்தில் தோன்றிய புது நட்சத்திரத்தைப் பற்றி லத்தீனில் ஒரு நூல் போட்டவர். அது அறிஞர்களிடம் போனது. 1576ன் பக்கங்களோ, மழை வருமா என்று பார்க்கப் புத்தகம் வாங்கியவர்களின் வீட்டுக்குள் போயின. 1605 வரை பலமுறை மறுபதிப்பும் கண்டன. கோப்பர்நிக்கஸை மட்டும் ஆங்கிலத்தில் அச்சிட்டு விற்றிருந்தால் எத்தனை பேர் காசு கொடுத்திருப்பார்கள்? அச்சுக்கூலியைக் கொடுத்தது ஆரூடம். அதனால்தான் அதைப் பம்ப் என்கிறேன்.

அடுத்த நூறு வருடத்தில் இது பெரிய வியாபாரமாகிவிட்டது. 1603ல் மன்னர் முதலாம் ஜேம்ஸ் பஞ்சாங்கம் அச்சிடும் ஏகபோக உரிமையை லண்டனின் அச்சகத்தார், புத்தக வியாபாரிகளின் சங்கமான ஸ்டேஷனர்ஸ் கம்பெனிக்குக் கொடுத்தார். 1660களில் வருடத்துக்குச் சுமார் 4 லட்சம் பிரதிகள் விற்றன, அதாவது ஏறக்குறைய மூன்று குடும்பத்துக்கு ஒன்று. ஒரு பிரதியைத் திறந்தால் மாதத்தின் தேதிகள், கிறிஸ்தவத் திருநாட்கள், அன்றைக்கு நிலவு உடம்பின் எந்த உறுப்பை ஆள்கிறது என்ற குறிப்பு. அதற்கென்றே ஒரு மனித உருவம் வரைந்திருப்பார்கள், தலையில் மேஷம், பாதத்தில் மீனம். அப்புறம் எந்த ஊரில் என்றைக்குச் சந்தை, நீதிமன்றங்கள் எப்போது கூடும், லண்டன் பாலத்தில் நீர் எத்தனை மணிக்கு ஏறும், உலகம் படைக்கப்பட்டு எத்தனை வருடம் ஆகிறது. சிலவற்றில் எழுதிக்கொள்ள வெற்றுத்தாள்கள் கோத்திருக்கும். ஜான் ஈவ்லின் 1631ல், பதினொரு வயதுச் சிறுவனாக, அப்பாவைப் பார்த்து அப்படியொரு பஞ்சாங்கத்தில்தான் குறிப்பெழுத ஆரம்பித்தார். அந்த நூற்றாண்டின் மிக முக்கியமான நாட்குறிப்புகளில் ஒன்றுக்கு அங்கேதான் தொடக்கம். கடன் கொடுத்தது, மாடு கன்று போட்டது, பிள்ளை பிறந்தது என்று எழுத்துப் பழக்கம் குறைவான வீடுகளும் எழுதத் தொடங்கிய பக்கங்கள் இவை. என் பிரியம் இந்தப் பக்கங்கள்மேல்தான்.

சரி, இரைச்சல். ஆம்ப்ளிஃபையரின் சொந்த இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். மேல்நிலையில் நிற்கும் அயனிகளில் சில, எந்தச் சிக்னலும் வராமலே தன்னால் ஒளியை விட்டுவிடுகின்றன. அந்த ஒளியும் போகிற வழியில் பெருகிக்கொள்கிறது. பெருக்கத்தைத் தருகிற அதே ஆற்றலிலிருந்துதான் இரைச்சலும் பிறக்கிறது. பஞ்சாங்கத்திலும் அதுதான் நடந்தது. 1641ல் அரசனின் தணிக்கை குலைந்தது, உள்நாட்டுப் போர் தொடங்கியது, 1644ல் ஜோதிடர் வில்லியம் லில்லியின் முதல் பஞ்சாங்கம் வந்தது. 1645ல், இப்போது போரிட்டால் வெற்றி நமக்கே என்று பார்லிமென்ட் தரப்புக்கு அச்சில் சொன்னார். ஜூனில் நேஸ்பியில் அவர்கள் ஜெயித்தார்கள், லில்லியின் புகழ் ஏறிவிட்டது. 1648ல் பார்லிமென்ட் படை கோல்செஸ்டர் ஊரை முற்றுகையிட்டபோது சிப்பாய்களுக்கு உற்சாகம் சொல்ல அவரையும் இன்னொரு ஜோதிடரான ஜான் புக்கரையும் படைமுகாமுக்கே அழைத்துப்போனார்கள். ஊருக்குள் அடைபட்ட ஜனங்கள் நாயையும் பூனையையும் தின்றுகொண்டிருக்கிறார்கள், மதிலுக்கு வெளியே ஒருவர் கோள்களைக் காட்டி ஊர் சீக்கிரம் விழும் என்கிறார். இதன்மேல் எனக்குத் துளியும் பிரியம் கிடையாது. கட்டுரையில் இதைக் குறைவாகத் தொட்டதால் உங்களுக்கு அப்படித் தோன்றியிருக்கலாம்.

உங்கள் ஒப்பீட்டிலிருந்து நான் எடுத்துக்கொள்ளும் முக்கியமான விஷயம் வேறு. ஆம்ப்ளிஃபையர்களை எத்தனை வரிசையாக வைத்தாலும் ஒன்றுகூடச் சுத்தம் செய்யாது. சேர்ந்த இரைச்சல் சேர்ந்ததுதான். எங்காவது ஓரிடத்தில் வந்ததைப் படித்து, 0வா 1ஆ என்று முடிவு பண்ணி, பிழையைத் திருத்தி எழுத வேண்டியிருக்கிறது. பஞ்சாங்க உலகத்தில் அதைச் செய்தது யார் என்று கேட்டால் பலரும் அங்கத எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்டைச் சொல்வார்கள். 1708ல் அவர் புனைபெயரில் ஒரு போலி ஆரூடம் வெளியிட்டார்: பஞ்சாங்கக்காரர் ஜான் பார்ட்ரிட்ஜ் மார்ச் 29 இரவு சுமார் 11 மணிக்குக் காய்ச்சலில் இறப்பார் என்று. தேதி கடந்ததும் அவர் இறந்துவிட்டதாகவே இன்னொரு பிரசுரம். பார்ட்ரிட்ஜ் தான் உயிரோடு இருப்பதாக அச்சில் சொல்ல வேண்டி வந்தது. ஊரே சிரித்தது. ஆனால் பிரான்சிஸ் மூரின் பெயரில் வந்த ஜோதிடப் பஞ்சாங்கம் 1768ல்கூட ஒரு லட்சத்துக்கு மேல் விற்றது. சிரித்தவர்கள் எதையும் திருத்தவில்லை.

நான் சொல்வது வானியலாளர் எட்மண்ட் ஹாலியை. 1715 மே 3 அன்று, அன்றைய இங்கிலாந்துக் கணக்கில் ஏப்ரல் 22, முழுச் சூரிய கிரகணம். ஹாலி முன்கூட்டியே ஒற்றைத் தாளில் இங்கிலாந்தின் வரைபடம் ஒன்றை அச்சிட்டு விற்பனைக்கு விட்டார். அதில் நிழல் போகும் பாதை கரும்பட்டையாக விழுந்திருந்தது. திடீரென்று இருட்டினால் ஜனங்கள் அதை அபசகுனமாக, புதிதாகப் பட்டத்துக்கு வந்த ஜார்ஜ் மன்னருக்குக் கேடாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகவே இதை வெளியிடுவதாக அதிலேயே எழுதினார். கூடவே ஒரு வேண்டுகோள்: உங்கள் ஊரில் முழு இருட்டு எவ்வளவு நேரம் நீடித்தது என்று கடிகாரத்தை வைத்து அளந்து எழுதி அனுப்புங்கள். காசு கொடுத்து அச்சுத்தாள் வாங்கிக் கிரகணத்தை எதிர்பார்க்கும் பழக்கத்தை அந்த ஜனங்களுக்கு இருநூறு வருடமாக ஏற்படுத்தி வைத்திருந்தது பஞ்சாங்கம்தான். ஹாலி அதே வழியில் போனார், வழியைத் திரும்பி வரும்படியும் ஆக்கினார். கணித்த நேரம் சுமார் 4 நிமிடம் பிசகியிருந்தது. பல ஊர்களிலிருந்து குறிப்புகள் வந்தன. அவற்றைக் கொண்டு நிழலின் பாதையைத் திருத்தி வரைபடத்தை மறுபடி அச்சிட்டார். 1724ல் வரவிருந்த அடுத்த கிரகணத்தின் பாதையையும் அதே தாளில் சேர்த்தார்.

அன்புடன்.