கடன் வாங்கி நலத்திட்டம் நடத்துவதற்கு எல்லை எது?

அரசின் கடன் எந்த அளவைத் தாண்டினால் நலத்திட்டங்களை நிறுத்தியே ஆக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்படி ஓர் எண்ணை நானும் நெடுநாள் தேடியிருக்கிறேன். அது கிடையாது என்பதே இப்போது என் கருத்து. ஐரோப்பிய நாடுகள் 1992-இல் தமக்குள் கையெழுத்திட்ட மாஸ்ட்ரிக்ட் உடன்படிக்கை, மொத்த உள்நாட்டு உற்பத்தியில் கடன் 60 விழுக்காட்டுக்குள்ளும் பற்றாக்குறை 3 விழுக்காட்டுக்குள்ளும் இருக்க வேண்டும் என்றது. 2010-இல் ரைன்ஹார்ட், ரோகாஃப் என்னும் பொருளியலாளர்கள், கடன் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி தளர்கிறது என்று எழுதினார்கள். அவர்களுடைய எக்செல் கணக்கில் ஐந்து நாடுகள் விடுபட்டிருந்தது 2013-இல்தான் வெளிப்பட்டது. (அதற்குள் அரசியல்வாதிகள் பலர் அந்த எண்ணைக் காட்டிச் செலவுக் குறைப்புக்கு நியாயம் சொல்லிவிட்டிருந்தார்கள்.)

ஜப்பானின் கடன் அதன் ஓராண்டு உற்பத்தியைப் போல் இரு மடங்குக்கும் மேல். ஆனால் அது சொந்த நாணயத்தில், பெரும்பாலும் சொந்த நாட்டாரிடமே வாங்கிய கடன். அதைவிடக் குறைந்த விகிதத்தில் கடன் வைத்திருந்த கிரேக்கமோ, பற்றாக்குறை முன்பு சொன்னதைவிட மிக அதிகம் என்று 2009-இல் ஒப்புக்கொண்ட சில மாதங்களிலேயே கடன் கொடுப்பாரின்றித் தவித்தது. தான் அச்சிட முடியாத யூரோவில் அது கடன்பட்டிருந்தது.

ஆகவே நான் அசலைவிட வட்டியைத்தான் கவனிக்கிறேன். உற்பத்தி 100, கடனும் 100 என்று வைத்துக்கொள்வோம். வட்டி 2 விழுக்காடும் வளர்ச்சி 4 விழுக்காடுமாக இருந்தால், வட்டி முழுவதையும் புதுக் கடனிலேயே கட்டினாலும் கடனின் விகிதம் மெல்லக் குறையும். வட்டி 6, வளர்ச்சி 2 என்று மாறிவிட்டால், புதிய திட்டம் ஒன்றுகூட அறிவிக்காத அரசும், கடன் விகிதம் ஏறாமல் இருப்பதற்கு மட்டுமே, வட்டி நீங்கலான செலவுகள் போக, ஆண்டுதோறும் வரவில் ஏறத்தாழ 4 அலகை மிச்சம் பிடித்தாக வேண்டும். அப்போது வட்டியைத் தள்ளிப்போட முடியாது. சம்பளத்திலும் ஓய்வூதியத்திலும் கைவைக்க எந்த அரசும் தயங்கும். கடைசியில் வெட்டு விழுவது பாலத்தின் பராமரிப்பிலும் பள்ளிக் கட்டடத்திலும்தான், ஏனென்றால் பாலம் ஊர்வலம் போவதில்லை.

கடன் கணக்கில் ஏறாத வாக்குறுதிகள்தான் இதைவிடப் பெரிய சிக்கல் என்று நினைக்கிறேன். இன்று உழைப்பவரின் சந்தாவைக் கொண்டு இன்றைய முதியோருக்கு ஓய்வூதியம் தரும் முறையில், பிறப்பு குறைந்து ஆயுள் நீளும்போது, அரசு ஒரு கடன் பத்திரம்கூட விற்காமலேயே பாரம் ஏறுகிறது. இதற்குத் தெளிவான விடை தேட முயன்ற நாடு சுவீடன். 1990-களில் அது வங்கி நெருக்கடியில் சிக்கி மீண்டது. அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஓய்வூதியத்தை மாற்றியமைத்தது. வருமானத்தில் 18.5 விழுக்காடு சந்தா என்று நிலையாக வைத்துக்கொண்டு, திட்டம் கொடுக்க வேண்டிய தொகை அதன் சொத்துகளை மிஞ்சினால், யாரும் வாக்களிக்கத் தேவையின்றி ஓய்வூதிய உயர்வு தானாகக் குறையும் என்று விதி செய்தது. 2008-இன் நிதி நெருக்கடிக்குப் பின் அந்த விதி உண்மையாகவே வேலை செய்து, 2010-இல் ஓய்வூதியம் குறைந்தது.

ஆனால் 2010 அங்கே தேர்தல் ஆண்டு. ஓய்வூதியர்களின் வருமான வரியைக் குறைத்து, அந்த இழப்பின் ஒரு பகுதியை அரசு பொது வரவுசெலவுக் கணக்கிலிருந்து ஈடுகட்டிவிட்டது.